கதையாட்டமா, பாத்திரமேற்பு விளையாட்டா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் 'ரோல் பிளேயிங் கேம்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த இழையில் இதுவரை வந்திருப்பவை பாத்திரமேற்பு விளையாட்டு, வேடமேற்பு ஆட்டம், பங்குநடிப்பு. போதாக்குறைக்கு ஒரு நண்பர் குறும்பாக ஆள்மாறாட்டம் என்றும் எழுதியிருக்கிறார். அதை ஏற்றுக்கொண்டால் விளையாடுகிற பிள்ளைகள் முன்ஜாமீன் வாங்க வேண்டியிருக்கும். மற்ற மூன்றிலும் எனக்குள்ள குறை ஒன்றுதான்: ஆங்கிலப் பெயரை வெட்டித் துண்டுக்குத் துண்டு தமிழை வைத்திருக்கிறோம். அந்த ஆங்கிலப் பெயரே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

1974 ஜனவரியில், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதிகள். அதன் அட்டையில் 'ரோல்' என்ற பேச்சே கிடையாது. காகிதம், பென்சில், சிறு பொம்மைகள் கொண்டு ஆடும் இடைக்காலக் கற்பனைப் போர் விளையாட்டுக்கான விதிகள் என்றுதான் போட்டிருந்தது. உருவாக்கிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவருமே போர் விளையாட்டுக்காரர்கள். பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டில் வரைபடம் விரித்து, பகடை உருட்டி, நடுவர் ஒருவரை வைத்துப் போர்ப் பயிற்சி செய்தார்களே, அந்த வழியில் வந்தவர்கள்.

திருப்பம் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. 1960களின் இறுதியில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரவுன்ஸ்டைன்' என்று ஓர் ஆட்டம் நடத்தினார். ஆளுக்கொரு படையைக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, ஒரு கற்பனை ஊரின் மேயர், வங்கிக்காரர் என்று ஆளுக்கோர் ஆளைக் கொடுத்தார். படைகள் வந்து மோதுவதற்கு முன்பே அவரவர் தனியே போய்ப் பேரம் பேசுவதும் சூழ்ச்சி செய்வதுமாக ஆட்டம் கையை மீறிவிட்டது. வெஸ்லி அது கெட்டுப்போனது என்றே நினைத்தார். ஆடியவர்களோ மறுபடியும் எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த ஆர்னசன் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் 'பிளாக்மூர்' என்ற தம் கற்பனை நாட்டின் நிலவறைக்குள் இறக்கிவிட்டார்.

(டஞ்சனுக்குப் பாதாளச் சிறை வேண்டாம், நிலவறை போதும். 2011இல் திருவனந்தபுரம் கோயில் நிலவறை திறந்த செய்தியை வாய்பிளந்து படித்த நமக்கு அந்தச் சொல்லுக்கு விளக்கவுரை தேவையில்லை.)

ஆக இந்த ஆட்டத்தின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஆடுகிறவர் 'நான்' என்று பேசுவது. மற்றது, கதை எங்கே போய் முடியும் என்று நடத்துகிறவருக்கே தெரியாதது. வேடம் இந்த இரண்டிலும் இல்லை.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அக்கா மகனும் அவன் நண்பர்களும் ஞாயிறு மாலைகளில் ஆடுகிறார்கள். பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். ஒருவன் சொல்கிறான்: "விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோடு சுவராக நகர்கிறேன்." நடத்துகிறவன், "உருட்டு" என்கிறான். இருபது முகப் பகடை முறுக்குத் தட்டில் மோதி நிற்கிறது. மூன்று. "உன் கால் செம்புக்குடத்தில் இடித்தது. உள்ளே படுத்திருந்த ராட்சசன் எழுந்து உட்கார்ந்தான்." அவ்வளவுதான். ஒருவரும் சட்டை மாற்றவில்லை, அரிதாரம் பூசவில்லை, எழுந்து நிற்கக்கூட இல்லை. கதகளி பார்த்து வளர்ந்த ஊரில் இதைப் போய் வேடம் என்றால் சிரிப்பார்கள். அந்த ராட்சசன் மருமகனின் சொந்தச் சரக்கு என்றுதான் நானும் பெருமைப்பட்டேன். ஆனால் இந்த ஆட்டத்துக்காக 1977இல் கைகாக்ஸ் தொகுத்த அரக்கர் தொகுப்பிலேயே ராட்சசனும் நாகமும் இருக்கின்றனவாம்.

எனவே என் பரிந்துரை: கதையாட்டம். சீட்டாட்டம், சூதாட்டம் போல விதி உண்டு என்பதையும், ஒயிலாட்டம், கரகாட்டம் போல நிகழ்த்துவதும் உண்டு என்பதையும் 'ஆட்டம்' ஒன்றே சொல்லிவிடுகிறது. கணினியில் ஆடுவதைக் கணினிக் கதையாட்டம் என்று பிரித்துக்கொள்ளலாம். மேசை என்ற அடைமொழி தேவையில்லை. நம் பிள்ளைகள் தரையில்தான் உட்காருகிறார்கள்.

நடத்துகிறவருக்கு என்ன பெயர்? 1974 நூல்களில் வெறும் நடுவர்தான். 'டஞ்சன் மாஸ்டர்' பிறகு வந்தது. நடத்துநர் என்று போட்டால் டிக்கெட் எங்கே என்பார்கள். பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்தில் அரங்குக்கு வரும் ஒவ்வொருவரையும் யார், எந்த ஊர் என்று கேட்டுக் கதையை நகர்த்த ஒரு கேள்விக்காரர் இருப்பார். தெருக்கூத்தில் அந்த இடம் கட்டியங்காரனுடையது. நான் கட்டியங்காரர் என்பதையே முன்வைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

கதையாட்டம் பிடித்திருக்கிறது. கட்டியங்காரரைத்தான் ஏற்க முடியவில்லை. நகரிப் பக்கத்துப் பாரதக் கூத்துகளை விடிய விடியப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வான், ஆனால் ராஜா பிழைப்பதும் சாவதும் அவன் கையில் இல்லை. நீங்கள் சொல்லும் ஆட்டத்தில் நடத்துகிறவர் தீர்ப்பும் சொல்கிறார், எதிரிகள் அத்தனை பேருக்கும் குரலும் கொடுக்கிறார். உங்கள் மாவட்டத்திலேயே அதற்குப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்களே! தோற்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் அமர்ந்து, கம்பன் பாட்டைச் சொல்லி, ராமனுக்கும் ராவணனுக்கும் தாங்களே பேசி, நடுவில் கேள்வியும் பதிலுமாகக் கதையை எங்கெங்கோ இழுத்துக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார்கள். அவர்களைப் புலவர் என்றுதான் அழைக்கிறார்கள். ஆட்டப்புலவர் என்று வைத்தால் என்ன?

இன்னொன்று, பகடை. எங்கள் ஊரில் 'பகடை துகில்' கூத்து நடக்கும் இரவில் சகுனி பகடையைக் கையில் எடுத்தாலே பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்கு அந்தச் சொல் வேண்டுமா? கவறு என்ற பழஞ்சொல் சும்மாதானே கிடக்கிறது?

நகரியிலிருந்து

---

அண்ணா,

ஒரே ஓர் இடைஞ்சல். நம் பக்கத்துப் பேச்சில் 'ஆட்டம்' என்றால் 'போல' என்றும் பொருள். 'கதையாட்டம் பேசுகிறான்' என்றால் கதை போலப் பேசுகிறான் என்றுதான் எங்கள் பாட்டி எடுத்துக்கொள்வார். கோயம்புத்தூர் வரைக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

வேலந்தாவளத்திலிருந்து

---

தம்பி, சீட்டாட்டம் என்றால் 'சீட்டைப் போல' என்று உங்கள் பாட்டி எடுத்துக்கொள்கிறாரா? புழங்கினால் தானாகப் பழகிவிடும். அதோடு, கதை போலவும் இருக்கிறது, கதையை ஆடவும் ஆடுகிறார்கள். அந்த மயக்கம் எனக்கு இலாபமாகத்தான் படுகிறது.

அம்மா, கட்டியங்காரரைத் திரும்பப் பெறுகிறேன். குரலும் தீர்ப்பும் ஒரே ஆளிடம் இருக்கிறது என்பதை நீங்கள் பிடித்த அளவு நான் பிடிக்கவில்லை. ஆட்டப்புலவர் இருக்கட்டும். பாவைக்கூத்துப் புலவர்கள் எதிரே ஆளே இல்லாமல் பகவதிக்காக மட்டும் இரவு முழுக்கப் பேசுவார்கள். இங்கேயும் வேடிக்கை பார்க்க ஆள் தேவைப்படுவதில்லை, ஆடுகிறவர்களே கேட்பவர்கள்.

பகடையை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கவறு அழகான சொல், ஆனால் கடையில் கேட்டால் கயிறு எடுத்துத் தருவார்கள். மேலும் நமக்குத் தாயக்கட்டைக்கு நான்கு முகம், பகடைக்கு ஆறு முகம் என்ற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. எட்டு, பன்னிரண்டு, இருபது என்று முகத்தைச் சேர்த்துச் சொன்னால் போதும்.

விரைந்து முடிவு செய்ய வேண்டியவை இன்னும் உண்டு. திண்ணைப் பிள்ளைகளை விட்டாலும், கைப்பேசியில் விளையாடும் எல்லோருக்கும் இந்த ஆட்டம் தன் சொற்களைக் கொடுத்துவிட்டது. 1976இல் வில் க்ரௌதர் எழுதிய குகைச் சாகசக் கணினி விளையாட்டுக்கு இதில் அவருக்கிருந்த பழக்கமும் ஒரு தூண்டுதல். 1981இல் 'விஸார்ட்ரி', 'அல்டிமா', ஜப்பானில் 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' என்று அது பரவியது. 1980களில் அமெரிக்காவில் சில பெற்றோரும் மத அமைப்புகளும் இது சாத்தான் வழிபாடு என்று கூச்சலிட்டதும் விற்பனையை முடக்கிவிடவில்லை. இன்று எந்த விளையாட்டைத் திறந்தாலும் அதே புள்ளிக் கணக்குதான்.

'ஹிட் பாயிண்ட்' என்பதை உயிர்ப்புள்ளி என்கிறார்கள். ஆர்னசன் அதைக் கடற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து எடுத்தார், ஒரு கப்பல் எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கு. எனவே தாங்குபுள்ளி. 'எக்ஸ்பீரியன்ஸ்' புள்ளிக்குப் பட்டறிவுப்புள்ளி, இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நம்புகிறேன். அடிபட்டுத்தானே அந்தப் புள்ளியே ஏறுகிறது.

சிக்கல் 'கிளாஸ்' என்பதில். போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆடுகிறவர் தேர்ந்தெடுப்பது. அகராதியைப் பார்த்து வகுப்பு என்று எழுதினால் சாதிச் சான்றிதழ் படிவம் போலிருக்கும். குலம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அது கூடவே கூடாது. மனிதன், குள்ளன் என்று பிறப்பால் வருவதற்கு ஆட்டத் தாளில் வேறு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த 'ரேஸ்' என்ற சொல்லையே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பதிப்பில் மாற்றி 'ஸ்பீஷீஸ்' என்று ஆக்கிவிட்டார்கள். நாம் குலத்தைக் கொண்டுவந்து நுழைக்க வேண்டாம். நான் தொழில் என்று எழுதிவைத்திருக்கிறேன், திருடனுக்கும் அது பொருந்தும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மருமகனின் குழு புதிய ஆட்டம் தொடங்குகிறது, தாளில் என்ன அச்சிடுவது என்று கேட்டிருக்கிறான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து