பொலன்னறுவையில் சிவன் கோயில்களையும் புத்த விகாரைகளையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி: உறையூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆகஸ்டில், அறுபத்தெட்டு வயதான என் தாயாரை அழைத்துக்கொண்டு இலங்கை செல்கிறேன். திருகோணமலையில் கோணேசுவரரைத் தரிசித்த பின் பொலன்னறுவைக்கு ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறோம். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இடியாமல் நிற்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மா கற்பூரம், திருநீறு, வில்வம் என்று ஒரு பையை நிரப்பிக்கொண்டிருக்கிறார். நித்திய பூசை நின்றுபோன கோயிலில் அவ்வாறு வழிபட அனுமதி உண்டா? புத்தர் சிலைகள் உள்ள இடங்களில் என்னென்ன முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும்? அவருக்கு மூட்டு வலி இருப்பதால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மட்டுநகரான்

வணக்கம். ஆகஸ்டில் எங்கள் பக்கம் மழை இராது, ஆனால் வெயில் கடுமையாக இருக்கும். விகாரைகளுக்குள் செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நிற்பது தோசைக்கல்லில் நிற்பதைப் போன்றது. காலுறை அணிந்து நடப்பதை யாரும் தடுப்பதில்லை என்பதால், அம்மாவுக்குத் தடித்த பருத்திக் காலுறைகள் இரண்டு சோடி எடுத்து வாருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி, சேலை கட்டுபவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம். என் உறவுக்காரப் பையன் கல் விகாரையில் அவ்வாறு நின்றபோது காவலர் ஊதிய விசிலில் அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் போன போக்கை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அரண்மனையிலிருந்து கல் விகாரை வரை இடிபாடுகள் சில கிலோமீட்டர் தூரத்துக்குப் பரந்து கிடப்பதால், இளையவர்கள் சைக்கிளை வாடகைக்கு எடுப்பார்கள். நீங்கள் அரை நாளுக்கு ஓர் ஓட்டோவைப் பேசிக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டைப் பல இடங்களில் பரிசோதிப்பார்கள், தொலைத்துவிட வேண்டாம். கடவுச்சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு, சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினருக்கான சலுகைக் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

காலையில் முதலில் கல் விகாரைக்குப் போய்விடுங்கள். ஒரே பாறையில் குடைந்த நான்கு புத்தர் உருவங்களில், பள்ளிகொண்டவர் மட்டும் 14 மீட்டர் நீளம். தலைக்குக் கீழே உள்ள தலையணையை அருகிலிருந்து பாருங்கள்: தலையின் பாரத்தால் அது சற்றே அமுங்கியிருப்பதுபோல் சிற்பி கல்லைச் செதுக்கியிருக்கிறான். நான் எத்தனை முறை போனாலும் அந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே படிகளும் அதிகம் இல்லை.

பதில்: கல்லெழுத்துப் பித்தன்

மேலே உள்ளவர் நடைமுறையைச் சொல்லிவிட்டதால், நான் கோயில்களைப் பற்றி எழுதுகிறேன். பொலன்னறுவையில் சிவன் கோயில்கள் பல இருந்தன. தொல்லியலார் அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அம்மா தேடுவது இரண்டாம் எண் சிவ தேவாலயம். அங்கு முழுமையாக நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது அதுதான். அடித்தளம் முதல் விமானத்தின் உச்சி வரை முழுக்கக் கல்லால் ஆனதால், செங்கல் கட்டடங்கள் பலவும் கூரை இழந்து நிற்கையில் இது தப்பித்துக்கொண்டது. இதனை இராசராசன் கட்டினான் என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்க வேண்டாம். கோயிலின் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம், அதாவது இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான வானவன்மாதேவியின் பெயரால் அமைந்தது. சுவரில் உள்ள கல்வெட்டோ பின்வந்த சோழ மன்னன் அதிராசேந்திரன் காலத்தது. ஆகவே 11ஆம் நூற்றாண்டு என்று சொல்வதே சரி. அக்காலத்தில் ஊருக்கே சனநாதமங்கலம் என்று பெயர். 1070 அளவில் சிங்கள மன்னன் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றிய பின்னும் கோயில் இடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அரண்மனைக்கு அருகில் உள்ள முதலாம் எண் கோயில் பிற்காலத்தது, பாண்டியர் பாணியைச் சேர்ந்தது. கூரை போய்விட்டாலும், சுண்ணமே இல்லாமல் கல்லோடு கல்லை இழைத்துப் பொருத்தியிருக்கும் நேர்த்திக்காகவே அங்கே பத்து நிமிடம் நிற்கலாம். இந்தக் கோயில்களிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்திலும் பொலன்னறுவை அருங்காட்சியகத்திலும் உள்ளன. நடராசர், சுந்தரர், காரைக்கால் அம்மையார் எல்லாரும் அவற்றுள் உண்டு. நண்பகல் வெயிலுக்கு உள்ளூர் அருங்காட்சியகமே நல்ல நிழல்.

தலதா மளுவ எனப்படும் உயர்ந்த முற்றத்துக்குச் சில படிகள் ஏற வேண்டும். மெல்ல ஏறினாலும் தவறவிடாதீர்கள். அங்கே அட்டதாகே என்ற கட்டடத்தின் பக்கத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. தந்த தாது எனப்படும் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்பதாக, சிங்கள மன்னரிடம் பணியாற்றிய வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் ஒப்புக்கொண்டு பொறித்த சாசனம் அது. சோழருக்கு எதிராகப் போரிட மறுத்து இதே விசயபாகுவை எதிர்த்துக் கலகம் செய்த படையினர், அவன் மறைந்த பின் அவன் கட்டுவித்த பௌத்தக் கோயிலுக்குக் காவல் ஏற்றார்கள். அருகிலுள்ள வட்டதாகே என்ற வட்டவடிவக் கட்டடத்தின் வாசற்படியில் இருக்கும் சந்திரவட்டக்கல்லையும், அதாவது அரைவட்டமாகச் செதுக்கிய படிக்கல்லையும் பாருங்கள். அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களில் யானை, குதிரை, சிங்கத்தோடு காளையும் வரிசையில் போகும். இங்கே காளை இல்லை. நந்தியை மிதிக்கக்கூடாது என்ற இந்துக்களின் எண்ணமே காரணம் என்று பலரும் விளக்குவார்கள்.

பதில்: திருமலை வாத்தியார்

வழிபாட்டைப் பற்றி இருவரும் தெளிவாகச் சொல்லவில்லையே! இரண்டாம் எண் கோயிலில் இலிங்கம் இருக்கிறது. பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிட்டுப் போகிறவர்களை நான் பல முறை கண்டிருக்கிறேன். எனினும் அது தொல்பொருள் சின்னம். கற்பூரப் புகையும் எண்ணெயும் கல்லில் படிந்தால் எழுத்து மங்கிப்போகும் என்பதால், பூவோடும் ஒரு தேவாரத்தோடும் நிறுத்திக்கொள்வதே முறை. காவலரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மற்றொன்று: திருகோணமலையிலிருந்து புறப்படும் முன், பெரியகுளத்துக்கு அருகில் உள்ள வெல்கம் விகாரையைப் பாருங்கள். எங்கள் ஊர்த் தமிழர் அதனை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் ஆட்சியில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழில் கொடைக் கல்வெட்டுகளும் பெற்ற புத்த விகாரை அது. கூட்டம் இராது, அம்மா ஆறுதலாக உட்காரலாம்.

உறையூர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. முதலில் வெல்கம் விகாரை, மறுநாள் காலை கல் விகாரை, பிறகு தலதா மளுவ, நண்பகலில் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்த பின் வானவன்மாதேவி ஈச்சரம் என்று திட்டத்தை மாற்றிவிட்டேன். பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலுறைகளை அவரே பெட்டியில் வைத்துவிட்டார். கற்பூரத்தை எடுத்து வெளியே வைக்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை.