அவசரத் தீமூட்டியா, பொறிக்கோலா?

மடல் 1 – இந்திராநகர், பெங்களூரு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மலையேற்றக் கையேட்டில் "அவசரப் பை" என்ற அதிகாரத்துக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. பொருள் இதுதான்: பென்சில் பருமனில் கறுப்பான உலோகத் தண்டு, 8 மி.மீ. விட்டம், 75 முதல் 100 மி.மீ. நீளம். கயிற்றில் கட்டிய எஃகுத் தகடு ஒன்று கூடவே வரும். தகட்டின் விளிம்பால் தண்டை அழுத்தி இழுத்தால் பொறி கொட்டும்.

இப்போது இதையே புதுக் கருவியாக்கி விற்கிறார்கள். தண்டு ஸ்பிரிங்கோடு ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கிறது. கூட்டின் பக்கத்தில் கடினமான ஒரு பல். பல்லைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, தண்டின் முனையைத் தரையில் ஊன்றிக் கூட்டைக் கீழே தள்ளினால், தண்டு உள்ளே போகும் வேகத்தில் பல் அதைச் சுரண்டிப் பொறியை முனையில் கொட்டுகிறது. ஒரு கை போதும். பெட்டியில் "எமர்ஜென்சி ஃபயர் ஸ்டார்ட்டர்" என்று இருப்பதால் வரைவில் "அவசரத் தீமூட்டி" என்று எழுதியிருக்கிறேன். சொல் சரிதானா? பையில் இருக்க வேண்டிய பொருள்தானா என்பதையும் சொல்லுங்கள்.

மடல் 2 – மல்லேஸ்வரம்

"தீமூட்டி" வேண்டாம் ஐயா. இந்தக் கருவி தீ மூட்டாது. பொறி மட்டும்தான் தரும். பெயரை நம்பி இதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகிறவர், குதிரேமுக மழையில் நனைந்த சுள்ளிமேல் இருபது தடவை பொறி கொட்டிவிட்டுக் கை ஓய்ந்து உட்கார்ந்துவிடுவார். அடுப்பு எரிக்கிறவர்களுக்குத் தெரிந்த வரிசைதான்: பொறி, கங்கு, சுடர். எந்தக் கருவி இதில் எந்தப் படியைத் தருகிறது என்று அதன் பெயரே சொல்ல வேண்டும். தீப்பெட்டியும் லைட்டரும் சுடர் தருகின்றன. இது முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

தண்டின் உலோகம் ஃபெரோசீரியம். கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்றது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிறோமே மேண்டில், அதற்கு மூலமான வாயு விளக்கு வலையைக் கண்டுபிடித்தவரும் அவரே. வலைக்கு வேண்டிய தோரியத்தை மோனசைட் மணலிலிருந்து பிரித்தபின் மிஞ்சிய சீரியம், லாந்தனம் போன்ற அருமண் உலோகங்களுக்கு அவர் கண்ட பயன் இது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் அதே மோனசைட்தான். இன்றைய தண்டுகளில் சீரியமும் லாந்தனமும் பெரும்பங்கு, இரும்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, கொஞ்சம் மக்னீசியம். சுரண்டும்போது சிதறும் துகள் காற்றுப் பட்டதும் தானே எரிகிறது. வெப்பம் 3000 டிகிரி செல்சியசை நெருங்கும். ஆனால் துகள் மிகச் சிறியது. ஒரு நொடிக்குள் அணைந்துவிடும். அந்த நொடிக்குள் பற்றிக்கொள்ளும் பொருள் பக்கத்தில் இல்லையென்றால் அத்தனை வெப்பமும் வீண்.

என் முன்மொழிவு: தீப்பொறிக்கோல். சுருக்கமாகப் பொறிக்கோல்.

மடல் 3 – ஜெயநகர்

இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்குச் செய்ய வேண்டும் அம்மா? சிக்கிமுக்கிக் கல் என்று பாட்டி காலத்திலிருந்தே சொல்கிறோம். கன்னடத்தில் சகமகி கல்லு, இந்தியில் சக்மக் பத்தர், துருக்கியில் லைட்டருக்கே சக்மக் என்றுதான் பெயர். சிவாஜிநகர்க் கடையில் கேட்டாலும் புரியும். "சிக்கிமுக்கிக் கோல்" என்றால் விளக்கமே தேவைப்படாது.

அது வேண்டாமென்றால், தீக்கடைகோலுக்குச் சங்க இலக்கியம் தரும் பெயரான ஞெலிகோல் இருக்கிறது. புறநானூறு 315இல், அதியமானுக்கு உவமையாக, வீட்டுக் கூரையின் கீழ்விளிம்பில் செருகி வைத்த ஞெலிகோல் வருகிறது. தேவைப்படும் வரை கண்ணில் படாமல் கிடந்து, வேண்டும்போது தீயைக் கக்கும் பொருள். அவசரப் பையில் கிடக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

மடல் 4 – மல்லேஸ்வரம்

ஞெலிகோல் எனக்கும் பிடித்த சொல்தான். பிடித்திருப்பதாலேயே அதை இதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஞெலிதல் என்றால் கடைதல். கட்டையைக் கட்டையில் கடைந்து, உதிரும் கரித்தூள் சூடேறிக் கங்காவது அந்த முறை. தீக்கடைகோலும் அரணிக்கட்டையும் அதே குடும்பம். அந்த முறையை இன்றும் கற்றுத்தருகிறார்கள்; கையேட்டின் பிற்பகுதியில் அதுவும் வரும். அப்போது அதை என்னவென்று அழைப்பது?

சிக்கிமுக்கியில் சிக்கல் வேறு. அங்கே கல் கடினம், எஃகு மென்மை. எஃகிலிருந்து பெயர்ந்த துகள்தான் எரிகிறது. கல் வெட்டுகிற வேலையை மட்டும் செய்கிறது. இங்கே எரிவது தண்டு, வெட்டுவது தகடு. பழைய பழக்கத்தில் தண்டை ஓங்கி அடித்தால் அது உடைந்துபோகும். ஃபெரோசீரியம் நொறுங்கும் தன்மை உள்ளது. இரண்டாவது, எஃகுப் பொறி வெப்பம் குறைந்தது. கருக்கிய பருத்தித் துணி போன்ற ஒன்றில்தான் கங்காகத் தங்கும். ஃபெரோசீரியப் பொறியை நேரடியாகப் பஞ்சில் சுடராக்கலாம். ஒரே பெயர் வைத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

லைட்டரில் போடும் துணுக்கும் இதே உலோகம்தான். அதை "லைட்டர் கல்" என்கிறோம், கல்லாக இல்லாவிட்டாலும். அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும்.

மடல் 5 – கோரமங்களா

பொறிக்கோல் நல்ல சொல். ஒரு தடை மட்டும்: எலிப்பொறியும் பொறி, ஐம்பொறியும் பொறி, பொறியியலும் பொறி. தலைச்சொல்லாகத் தீப்பொறிக்கோல் இருக்கட்டும், பத்திக்குள் சுருக்கிக்கொள்ளலாம். தகட்டுக்குச் "சுரண்டி" போதும். சீவுளி என்றால் தச்சர் இழைக்கும் கருவி என்று நினைப்பார்கள்.

ஸ்பிரிங் வைத்த புதுக் கருவிக்கு "ஒருகைப் பொறிக்கோல்". அதன் பயன் முழுவதும் அந்த "ஒருகை"யில்தான் இருக்கிறது. மணிக்கட்டு முறிந்தவர், குளிரில் ஒரு கை விறைத்தவர் ஆகியோருக்கு இது நிஜமாகவே உதவும். இரண்டு கையும் நன்றாக உள்ளவருக்குச் சாதாரணக் கோலே மேல். காரணங்களைச் சொல்கிறேன். ஊன்றுவதற்குக் கெட்டியான தரை வேண்டும். ஈர மண்ணிலும் சருகின்மேலும் முனை புதைந்துபோகும். கீழே குத்தும் வேகத்தில், கஷ்டப்பட்டுக் குவித்த பஞ்சு சிதறும். தட்டையான கல்லையோ மரப்பட்டையையோ அடியில் வைத்தால்தான் சரிப்படும். ஸ்பிரிங் துரு ஏறினால் தண்டு பாதியில் நிற்கும். கூட்டில் விரிசல் விட்டால் காட்டில் சரிசெய்ய வழியில்லை. சாதாரணக் கோலில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. சுரண்டி தொலைந்தால்கூட, முதுகு செங்கோணமாக உள்ள கத்தி போதும்.

சொல்லப்போனால், சாதாரண லைட்டர்தான் முதல் கருவி. பொறிக்கோல் அதற்குத் துணை. லைட்டரில் உள்ள பியூட்டேன் −0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகத் திணறும். இமயமலைக்குப் போகிறவர்கள் அதை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வைத்திருக்க வேண்டும். விமானத்தில் கொண்டுபோக முடியாது. அடிவார ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றை அதிகாரத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதைத் தடைசெய்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தது. கோடையில் காய்ந்த போதைப்புல் என்னும் மலைப்புல்லுக்கு ஒரே ஒரு பொறி போதும். இந்தக் கருவியை அங்கே சோதித்துப் பார்க்கும் ஆசையே யாருக்கும் வரக் கூடாது. சோதனையை வீட்டு மொட்டைமாடியில் சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யட்டும்.

மடல் 6 – இந்திராநகர்

ஏற்கிறேன். "அவசரத் தீமூட்டி"யை எடுத்துவிட்டேன். அப்படியானால் பொறியை வாங்கிக்கொள்ளும் பொருளுக்குத்தான் உடனே பெயர் வேண்டும். சுள்ளி இருக்கிறது, விறகு இருக்கிறது, அதற்கும் முந்தியதற்கு? "எரிதுரும்பு"?

மடல் 7 – ஜெயநகர்

துரும்பு பொறியில் பற்றாது. அது அடுத்த படி. பற்றுபஞ்சு என்று வையுங்கள். பஞ்சாகப் பிரியும் எதுவும் இதில் அடங்கும்: பருத்தி, இலவம்பஞ்சு, திரித்துப் பிரித்த தேங்காய் நார். இலவம் உடனே பற்றும், உடனே எரிந்து தீரும், தனியாகப் பயன்படாது. பருத்தியில் வாசலின் தடவினால் எலுமிச்சை அளவு உருண்டை சில நிமிடம் நின்று எரியும். வாசலினில் முழுக்க ஊறவிட்டால் பொறி பிடிக்க இழை இராது. பாதி உருண்டை உலர்ந்தே இருக்க வேண்டும். பாலியஸ்டர் பஞ்சு உருகும், பற்றாது. வாங்கும்போதே ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பூஜைக் கற்பூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சில் வந்த சுடரைக் கற்பூரம் வாங்கிக்கொண்டு ஈரச் சுள்ளியையும் காயவைக்கும். இறுக்கமான டப்பாவில் வைக்காவிட்டால் ஒரு பருவத்துக்குள் காற்றோடு போய்விடும்.

சிக்கிமுக்கிக் கோலை நான் திரும்பப் பெறுகிறேன். ஞெலிகோலைக் கடைகோலுக்கே வைத்துக்கொள்வோம்.

மடல் 8 – மல்லேஸ்வரம்

பற்றுபஞ்சு அருமை. பொறிக்கோல், சுரண்டி, பற்றுபஞ்சு மூன்றையும் வைத்து ஒரு செய்முறை எழுதிப் பார்த்தேன். எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

"புதுப் பொறிக்கோலில் கறுப்புப் பூச்சு இருக்கும், உலோகம் பளிச்சிடும் வரை அதைச் சுரண்டி எடுக்கவும். பற்றுபஞ்சை இழை இழையாகப் பிரித்து, உலர்ந்த மரப்பட்டைமேல் கோழிக்கூடு போலக் குவிக்கவும். கோலின் முனையைப் பஞ்சின் நடுவில் ஊன்றவும். சுரண்டியைக் கோலின்மேல் ஏறக்குறைய 45 பாகை சாய்த்து அழுத்திப் பிடிக்கவும். சுரண்டியை அசைக்காமல் கோலைப் பின்னால் இழுக்கவும். சுரண்டியை முன்னால் தள்ளினால் கை பஞ்சில் இடித்துக் குவியல் கலையும். மெதுவாக அழுத்தி இழுத்தால் பெரிய பொறி விழும், வேகமாக இழுத்தால் நிறையச் சிறு பொறி சிதறும். ஈரக் காலத்துக்கு முதலாவதே நல்லது. சுடர் வந்ததும் பென்சில் முனையளவு மெல்லிய சுள்ளியில் தொடங்கவும். ஊர் திரும்பியபின் கோலைத் துடைத்து, மெல்ல எண்ணெய் தடவி வைக்கவும். கடற்கரை ஈரத்தில் வெள்ளை மாவு பூத்து அரித்துவிடும்."

மடல் 9 – கோரமங்களா

ஒரே இடத்தில் இடறுகிறது: "கோழிக்கூடு" என்றால் கோழி அடைக்கும் கூடு என்று படிப்பார்கள். "குருவிக்கூடு" என்று மாற்றுங்கள்.