புதுப்பிப்பு: மெனியர் நோயும் உணவு ஒவ்வாமையும், விட்டுப்போன உப்பு

மெனியர் நோய் (தலைசுற்றல், காது இரைச்சல், காது அடைப்பு, கேட்புக் குறைவு தரும் உள்காது நோய்) உள்ளவர்கள், உணவு ஒவ்வாமை காரணமா என்று அறிய, பால், கோதுமை, முட்டையை விலக்கிப் பார்க்கலாம் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தோம். உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

கோதுமையை நிறுத்துகிறவர் பிரெட், பிஸ்கட், பரோட்டாவையும் நிறுத்துகிறார். அவற்றின் உப்பிலுள்ள சோடியமும் கூடவே குறைகிறது. தலைசுற்றல் தணிந்தால் காரணம் ஒவ்வாமையா உப்பா என்று பிரிக்க முடியாது. ஆகவே முதல் நான்கு வாரம் வழக்கமான சாப்பாடே இருக்கட்டும். சோடியத்தை மட்டும் நாளுக்கு 1,500–2,000 மி.கி. என்று நிலையாக வையுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பிலேயே சுமார் 2,300 மி.கி. சோடியம் இருக்கிறது, ஊறுகாய், அப்பளம், கருவாடு தனிக்கணக்கு. தலைசுற்றல் எத்தனை நிமிடம் நீடித்தது, காது அடைப்பு, இரைச்சல் எல்லாவற்றையும் தேதியோடு குறியுங்கள். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். குறிப்பு இல்லாமல் எந்த முடிவும் ஊகம்தான்.

பிறகு ஒரே ஒரு உணவை மூன்று வாரம் விலக்கி, மீண்டும் மூன்று நாள் சேர்த்துப் பாருங்கள். முன்பு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்த உணவை வீட்டில் சோதிக்கவே கூடாது.

உள்காதின் திரவத்தைச் சீராக்க உதவும் உள்நிணநீர்ப் பையில் நோயெதிர்ப்பு அணுக்கள் உண்டு. அங்கு எழும் ஒவ்வாமை வினை திரவச் சமநிலையைக் குலைக்கலாம் என்பது இன்னும் கருதுகோளே. உணவுகளுக்கு எதிரான ஐஜிஜி (IgG, ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அது ஒவ்வாமையைக் காட்டாது.

திடீரென ஒரு காது கேட்காமல் போனால் உணவுச் சோதனையை விட்டுவிட்டு அன்றே காது மருத்துவரைப் பாருங்கள்.