இலங்கை, 2025 ஜூன். மின்கட்டணம் மறுபடி 15 சதவீதம் ஏறியது: மாற்றத்துக்குப் போட்ட வாக்கு வீணா?

திண்ணைக்காரன்:
2024 நவம்பர் பொதுத்தேர்தலில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தென்னிலங்கைக் கட்சிக்கு வாக்குப் போட்டேன். யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐ இப்போதைய ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்திக்குத் தூக்கிக் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அம்மா ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 2025 ஜனவரியில் மின்கட்டணத்தை 20 சதவீதம் குறைத்ததும் "பாத்தீங்களா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இப்போது ஜூனில் 15 சதவீதம் ஏற்றிவிட்டார்கள். மேடையில் சொன்னதோ மூன்றில் ஒரு பங்கு குறைப்போம் என்று. தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிப் போனது. நாட்டரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை கிலோ 230 ரூபாய் என்கிறார்கள், அந்த விலைக்குக் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். போன மாதம் உப்புக்கும் தட்டுப்பாடு. சுற்றிவரக் கடல் உள்ள நாடு இது! அம்மா ஒன்றும் சொல்வதில்லை, என்னைப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆளுங்கட்சி ஆதரவாளர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் அம்மாவுக்கு என்ன சொல்வது?

கணக்குவாத்தி:
நான் கட்சிக்காரன் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். 100 ரூபாயில் 20 சதவீதம் போனால் 80. அதில் 15 சதவீதம் ஏறினால் 92. அதாவது 2024 டிசம்பரில் கட்டியதைவிட இன்னும் 8 ரூபாய் குறைவு. மின்சார சபை கேட்டது 18.3 சதவீதம், கட்டணத்தை முடிவுசெய்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை 15க்கு வெட்டியது. பழையது மறந்துபோய்விட்டதா? 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், 100 ரூபாய் 290 ஆனது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் வரிசையில் படுத்துக் கிடந்தால். இந்த 2025 ஜூனில் 300க்குக் கீழே. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. 2024 செப்டெம்பரில் இருந்து இந்த 2025 ஜூன் வரைக்கும் அது கழித்தல் கணக்கில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே.

வெட்டிக்கதை:
கழித்தல் கணக்கு எங்கள் வீட்டிலும்தான் அண்ணை. மாதம் 20ஆம் திகதி வந்தால் காசுப்பை கழித்தலில் நிற்கும்.

சந்தைக்குப் போகிறவள்:
வாத்தியார், உங்கள் கணக்கு சரி, ஆனால் நீங்கள் சொல்கிற பணவீக்கத்தை அளக்கிறது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். அது கழித்தலுக்குப் போனதற்குப் பெரிய காரணமே கரண்டும் எரிபொருளும் குறைந்ததுதான். உணவுப் பக்கம் இந்த மாதங்களில் ஏறியிருக்கிறது. மாதம் 3 லட்சம் உழைக்கிறவர் வீட்டில் சாப்பாட்டுச் செலவு ஒரு மூலை. 40 ஆயிரம் உழைக்கிற வீட்டில் அதுதான் முழு வீடும். அந்த வீட்டின் பணவீக்கம் வேறு.

அப்புறம், பணவீக்கம் இறங்கினால் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. 2022இல் படிக்கட்டில் நாலு நாலாகப் பாய்ந்து ஏறினவன் இப்போது மாடியில் நின்று மூச்சு வாங்குகிறான். அவன் கீழே வரவில்லை. சம்பளம்தான் இன்னும் கீழ்ப்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது. 2024இல் நாலில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கியே சொல்கிறது. சுட்டெண்ணைக் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்த முடியுமா?

கணக்குவாத்தி:
நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாடியில் ஏற்றிவிட்டது யார்? 2019 கடைசியில் வற் என்கிற பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்தில் இருந்து 8க்கு வெட்டிக் கஜானாவைக் காலியாக்கியது யார்? 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்தது யார்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் வற் இன்றைக்கு 18இல் நிற்கிறது, அதுவும் 2024 ஜனவரியில் முன்னைய அரசாங்கம் வைத்த 18. சம்பளத்தையும் பாருங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250இல் இருந்து 40,000. தனியார் துறையில் 21,000 என்பது 27,000. மாதம் ஒன்றரை லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லை.

திண்ணைக்காரன்:
அந்த 40,000 மூன்று தவணையாக, 2027 ஜனவரியில்தான் முழுதாக வரும். அதை மேடையில் சொல்லும்போது ஒரே மூச்சில் சொன்னார்கள். நாட்டுக்குக் கடன் கொடுக்கிற சர்வதேச நாணய நிதியத்தோடு புதிதாகப் பேசுவோம் என்றும் சொன்னார்கள். இப்போது தயாரிக்கும் செலவுக்குக் குறைவாகக் கரண்ட் விற்காதே என்று நிதியம் சொன்னதும், அடுத்த தவணைக் காசுக்காகக் கட்டணம் ஏறுகிறது. முன்னைய ஜனாதிபதி ரணில் செய்ததும் இதைத்தானே? அப்படியென்றால் நான் எதை மாற்றினேன்?

கனடாக் குளிர்:
இதைத்தான் அப்பவே சொன்னோம். தமிழ்க் கட்சிகளுக்குப் போடாமல் ஜனாதிபதி அநுரவின் சிரிப்புக்கு மயங்கினீர்கள். இப்ப அனுபவியுங்கோ.

சந்தைக்குப் போகிறவள்:
தம்பி, மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் சனம் அதற்கும் பதில் சொல்லிவிட்டது. பொதுத்தேர்தலில் 61 சதவீதம் எடுத்த கட்சி 43க்கு வந்தது. சரி, எந்தத் தமிழ்க் கட்சியிடம் அரிசி விலைக்குத் திட்டம் இருக்கிறது? ஆனையிறவு உப்புக்கு 'ரஜ லுணு' என்று சிங்களப் பெயர் வைத்ததற்கு மார்ச்சில் சண்டை பிடித்தோம், நியாயமான சண்டைதான். மேயில் உப்பே இல்லை. அதைப் பற்றிக் கதைக்க ஒருவரையும் காணவில்லை.

வயல்காரன்:
எல்லோரும் அரிசி விலையைக் குறை என்கிறீர்கள். விதைக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு வைத்த விலை 120 ரூபாய். உரமும் டீசலும் கூலியும் போக என்ன மிஞ்சும் என்று எனக்குத்தான் தெரியும். 100 கிலோ நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி. அப்படியென்றால் 120 ரூபாய் நெல் அரிசியாகும்போது 185 ரூபாய். நீங்கள் 230க்கு வாங்கினால் நடுவில் 45 ரூபாய். 230க்கு மேலே கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது? என் பைக்கு வரவில்லை.

கணக்குவாத்தி:
பெரிய ஆலைக்காரர்களிடம். அறுவடை நேரத்தில் வாங்கிக் குவித்துப் பிறகு சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அதனால்தான் 2024 டிசம்பரில் அரிசி இறக்குமதியைத் திறந்தார்கள்.

வயல்காரன்:
கிலோவுக்கு 65 ரூபாய் வரி போட்டுத் திறந்தார்கள். அதை முழுதாக எடுத்துவிட்டால் நான் செத்தேன், வைத்திருந்தால் நீங்கள் விலையேற்றம் என்று கத்துவீர்கள். அரசாங்கத்தைத் திட்ட எனக்கும் ஆசைதான், ஆனால் இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கே குழப்பம். நெல்லை அரசாங்கமே நேரத்துக்கு வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்தால் ஆலைக்காரனுக்கு இந்தத் திமிர் வராது. ஒவ்வொரு போகமும் விலையை அறிவிக்கிறார்கள், நாங்கள் ஈர நெல்லை விற்று முடித்த பிறகு.

மலைக்குருவி:
நீங்கள் 40,000, 27,000 என்று கணக்குப் போடுகிறீர்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350. வரவுசெலவுத் திட்ட உரையில் 1,700 ஆக்குவோம் என்றார் ஜனாதிபதி. ஜூன் வந்துவிட்டது, கம்பனிகள் அசையவில்லை. வேலை கிடைக்காத நாளுக்கு அதுவும் இல்லை. நீங்கள் சொல்கிற விலையில் ஒரு கிலோ அரிசியும் ஒரு தேங்காயும் வாங்கினால் நாள் கூலியில் மூன்றில் ஒன்று போய்விடுகிறது. கரண்ட் 92 ஆனாலும் 100 ஆனாலும் எங்கள் லய வீட்டில் ஒரு பல்புதான்.

வெட்டிக்கதை:
எனக்கு இதில் பகிடி வரவில்லை.

கனடாக் குளிர்:
அப்ப அடுத்த முறை யாருக்குப் போடப் போறீங்கள்?

சந்தைக்குப் போகிறவள்:
உங்களுக்கு வாக்கு இல்லை தம்பி, பொறுங்கள். கோபம் இருக்கிறது என்பதற்காகப் பழையவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? இவர்கள் திருடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்க முடியாததைச் சொல்லி வாக்கு வாங்கினார்கள் என்கிறேன். எனக்கு அதுவும் பொய்தான்.

கணக்குவாத்தி:
மூன்று வருடத்துக்கு முன் கையை விரித்த நாடு, எட்டே மாதத்து அரசாங்கம். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?

திண்ணைக்காரன்:
பொறுப்போம். வாத்தியாரின் 100, 80, 92 கணக்கை நேற்றிரவு அம்மாவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஜனவரியிலயே எட்டு ரூபாய் மட்டும் குறைச்சிருக்கலாமே, பிறகு ஏத்த வேண்டி வந்திருக்காதே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கணக்குவாத்தி:
என்னிடமும் இல்லை. அந்த 20 அகலக்கால்தான். உங்கள் அம்மாவைக் கட்டண ஆணைக்குழுவில் போடலாம்.

மலைக்குருவி:
1,700 பற்றிக் கேட்டேனே?