‘சாவி’க்கும் ‘சாவு’க்கும் சம்பந்தம் உண்டா?

கேள்வி:
பூட்டைச் சாகடிப்பதால் அதற்குச் ‘சாவி’ என்று பெயர் வந்ததாகச் சின்ன வயதில் யாரோ சொன்னார்கள். நானும் நம்பி, போன வாரம் என் மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அவள் விடவில்லை. “செத்த பூட்டு மறுபடியும் எப்படிப் பூட்டுது?” என்கிறாள். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. இந்தச் சொல் உண்மையில் எங்கிருந்து வந்தது?

பதில் 1:
உங்கள் மகள் பக்கம்தான் நியாயம். சாவி போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்த சொல். அதற்கும் தாய், லத்தீனில் சாவியைக் குறிக்கும் ‘கிளாவிஸ்’. லத்தீனின் ‘க்ல’ போர்ச்சுக்கீசியத்தில் ‘ச’வாகத் தேய்ந்துவிட்டது. இன்று லிஸ்பனில் அந்த முதல் எழுத்தை ‘ஷ’ என்கிறார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் அது ‘பச்சை’யில் வருகிற மாதிரி அழுத்தமான ச. மலையாளத்தில் சாவி, இந்தியில் சாபி என்று எல்லாமே அந்த அழுத்தத்தோடு இருப்பது அதனால்தான். கப்பல் வருவதற்கு முன்னால் நம்மிடம் இருந்தது திறவுகோல். திறக்கிற கோல், அவ்வளவுதான்.

பதில் 2:
கதையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ‘சா’ என்ற வினையிலிருந்து பிறந்த இன்னொரு ‘சாவி’ தமிழில் இருக்கிறது. மணி பிடிக்காமல் காய்ந்துபோன பயிருக்கு அந்தப் பெயர். பார்த்தால் கதிர் விறைப்பாக நிற்கும், உருவிக் கசக்கினால் கையில் வெறும் உமிதான். ‘பயிரெல்லாம் சாவியாப் போச்சு’ என்பார்கள். உங்களுக்குக் கதை சொன்னவர் வயல் சாவியைக் கொண்டுவந்து வீட்டுப் பூட்டில் நுழைத்துவிட்டார்!

கேட்டவர்:
சிரித்துவிட்டேன். இரண்டு சாவியையும் மகளிடம் சொல்லியாயிற்று. இப்போது “அப்போ ஜன்னல்?” என்று அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள்.

பதில் 1:
ஜன்னலும் அதே கப்பல்தான், ‘ஜனெலா’. கதவு, பூட்டு, தாழ் மூன்றும் நம்முடையவை.

ஆனால் ஜன்னலுக்கு நாம் வைத்திருந்த பழைய பெயரை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலப்பதிகாரத்தில் ‘மான்கட் காலதர்’ என்று வரும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் போல அமைத்த காற்றுவழி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இங்கிலீஷ் ‘விண்டோ’, ஸ்காண்டிநேவியாவில் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘விண்டௌகா’விலிருந்து வந்தது. அதைப் பிரித்தால் காற்று, கண்! தமிழும் நார்ஸும் ஒன்றையொன்று கேட்டே இருக்காது, ஆனாலும் சுவரில் ஓர் ஓட்டையைப் பார்த்ததும் இரண்டுக்கும் அதே இரண்டு பொருள்கள் ஞாபகம் வந்திருக்கின்றன.

அப்புறம், ‘பலகணி’ என்று இன்னொரு பெயரும் உண்டு. அதை நீங்கள் விளக்க வேண்டாம், அவளையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.