சோதனைகளில் பைதான் 3.14-ஐக் கட்டாயமாக்கலாமா?

தச்சன்:
பதிவுக்கோப்புகளை அலசும் நம் நிரல் நூலகத்தின் தானியங்கிச் சோதனைகள் பைதான் நிரல்மொழியின் 3.9 முதல் 3.13 வரையான பதிப்புகளில் கட்டாயமாக ஓடுகின்றன, 3.14-இல் மட்டும் "விழுந்தாலும் தடையில்லை" என்று விட்டுவைத்திருக்கிறோம். அந்தப் பதிப்பு பீட்டாவாக (முன்னோட்டமாக) இருந்தவரை இது பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் 2025 அக்டோபர் 7 அன்று 3.14 முறையாக வெளிவந்துவிட்டது, அதே மாதத்தில் 3.9-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. நம் பட்டியலில் 3.14-க்கு எதிரே சிவப்புக் குறி தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கிறது. மாற்றங்களை முதன்மைக் கிளையில் இணைப்பதைத் தடுக்காத குறி என்பதால் எவரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே 3.14-ஐக் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவும், 3.9-ஐ நீக்கவும் முன்மொழிகிறேன்.

கரிசல்:
இரண்டையும் எதிர்க்கிறேன். புதிய பதிப்பின்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் நம் பயனர்களில் பெரும்பாலோர் சேவையகங்களை நிர்வகிப்பவர்கள். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் அமைப்போடு வரும் பைதான் 3.9, உபுண்டு 22.04-இல் 3.10. தாங்கள் தேர்ந்தெடுக்காத பதிப்பில்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள். பைதான் குழு 3.9-ஐக் கைவிட்டாலும் ரெட் ஹேட் தன் பயனர்களுக்கு அதைப் பராமரித்துவருகிறது.

இரண்டாவது, புதிய பதிப்பில் ஒரு சோதனை விழுந்தால் நம் நூலகத்தில் குறை இருக்கிறது என்று பொருளாகாது. 3.13 வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். செயல்கூறுகளின் விளக்க உரையில் உள்ள பொதுவான முன் இடைவெளியை அந்தப் பதிப்பின் கம்பைலரே நீக்கத் தொடங்கியது. உடனே உதவி உரையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட நம் சோதனைகள் விழுந்தன. எந்தப் பயனருக்கும் பாதிப்பு இல்லை. எனினும், ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்த புதிய பங்களிப்பாளர் தன் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) ஏன் சிவப்பாயிற்று என்று விளங்காமல் அதைக் கைவிட்டுப் போனார். கட்டாயம் என்ற சொல்லுக்கு விலை கொடுப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்தாம்.

இப்போது 3.14-இல் விழுபவற்றையும் பார்த்தேன். எல்லாமே இணைச் செயலாக்கச் சோதனைகள். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியின் மங்கிபேட்ச் (மதிப்புகளைத் தற்காலிகமாக மாற்றும் வசதி) கொண்டு அமைப்புகளை மாற்றிவிட்டு, அந்த மாற்றம் துணைச் செயலிகளிலும் (நிரல் தனியாகத் தொடங்கும் ஓட்டங்கள்) தெரியும் என்று அவை எதிர்பார்க்கின்றன. சோதனை எழுதிய முறையில் உள்ள சிக்கல் இது. பைடெஸ்டின் பொது அமைப்புகள் உள்ள கான்ஃப்டெஸ்ட் கோப்பில், துணைச் செயலிகளைத் தொடங்கும் முறை ஃபோர்க் (தாய்ச் செயலியை அப்படியே நகலெடுப்பது) என்று ஒரே வரியில் நிலைநிறுத்தினால் அத்தனையும் பச்சையாகிவிடும்.

பொன்னி:
அந்த ஒரு வரி பச்சையாக்கும் என்பதில் ஐயமில்லை; அதனால்தான் அதைச் சேர்க்கக் கூடாது என்கிறேன். பயனரின் கணினியில் நம் கான்ஃப்டெஸ்ட் கோப்பு இருக்காது.

நடப்பது இதுதான். 3.13 வரை லினக்ஸில் பைதானின் இணைச் செயலாக்கத் தொகுப்பான மல்டிபிராசசிங் இயல்பாக ஃபோர்க் முறையைப் பயன்படுத்தியது. தாய்ச் செயலியின் நினைவகம் அப்படியே சேய்க்கும் கிடைத்ததால், உலகளாவிய மாறி ஒன்றில் நாம் வைத்த மதிப்பு, மங்கிபேட்ச் செய்த மாற்றம், செயல்கூறுக்குள் எழுதிய லாம்டா (பெயரில்லாச் செயல்கூறு) ஆகிய எல்லாமே மறுபக்கத்தில் கேட்காமலே கிடைத்தன. 3.14 முதல் லினக்ஸில் இயல்புமுறை ஃபோர்க்சர்வர். தனியாகத் தொடங்கும் ஒரு துப்புரவான செயலியிலிருந்தே சேய்கள் பிறக்கின்றன. அவற்றுக்குத் தர வேண்டியதைப் பிக்கிள் செய்துதான் (பைட்டுகளாக மாற்றித்தான்) அனுப்ப முடியும். லாம்டாவைப் பிக்கிள் செய்ய முடியாது. தாய் தன் நினைவகத்தில் பிற்பாடு மாற்றிய மாறியோ சேய்க்குத் தெரியவே தெரியாது.

இந்த மாற்றத்துக்குக் காரணமும் உண்டு. பல இழைகள் (ஒரே நினைவகத்தில் இணையாக ஓடும் பணிகள்) ஓடும் செயலியை ஃபோர்க் செய்தால், வேறோர் இழை பிடித்திருந்த பூட்டு பூட்டியபடியே சேய்க்குப் போய்விடும். அதைத் திறக்க வேண்டிய இழையோ அங்கே இருக்காது. சேய் அப்படியே உறைந்து நிற்கும். இதைப் பற்றிப் பைதான் 3.12 முதலே எச்சரிக்கை தருகிறது. நாமோ பைடெஸ்ட் அமைப்பில் அந்த எச்சரிக்கையைப் புறக்கணிக்கும் பட்டியலில் போட்டுவைத்திருக்கிறோம். கோப்பைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதே இணைச் செயலாக்கச் சோதனைகளின் தலைமேல் "மேக், விண்டோஸில் தவிர்க்கவும்" என்ற குறி இருக்கிறது. விண்டோஸில் ஃபோர்க் என்றுமே இல்லை, மேக்கில் 3.8 முதல் இயல்புமுறை ஸ்பான் (சேயைப் புதிதாகத் தொடங்குவது). 3.14 இன்று லினக்ஸில் காட்டும் குறையை மேக் பயனர்கள் பல ஆண்டுகளாகச் சந்தித்திருக்கிறார்கள், நாம் அதன்மேல் திரை போட்டிருந்தோம் என்றுதான் இதற்குப் பொருள்.

மருதன்:
3.14, 3.9 ஆகிய இரண்டு கேள்விகளையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் கட்டிப்போட வேண்டாம். 3.9-ஐ நீக்கினால் அதன் பயனர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள் என்பதும் முழுச் சரியில்லை: தேவையான பைதான் பதிப்பை மெட்டாடேட்டாவில் முறையாகக் குறித்தால், 3.9 வைத்திருப்பவருக்குப் பிப் என்ற நிறுவல் கருவி தானாகவே பொருந்தக்கூடிய கடைசி வெளியீட்டை நிறுவும். கீழ் எல்லையை மட்டும் குறியுங்கள். மேல் எல்லை போட்டு 3.15-ஐ இப்போதே தடுத்துவைக்கும் வேலை வேண்டாம்.

அப்புறம், சோதனைப் பட்டியல் உள்ள யாம்ல் கோப்பில் பதிப்பு எண்களை மேற்கோளுக்குள் எழுதுங்கள். மேற்கோள் இல்லாத 3.10-ஐ யாம்ல் தசம எண்ணாகப் படித்து 3.1 ஆக்கிவிடும், 3.14-க்கு அந்தத் தொல்லை இல்லை என்பதற்காக அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

கரிசல்:
மேக் குறியைப் பற்றிப் பொன்னி சொன்னது வலுவான வாதம். கான்ஃப்டெஸ்ட் வரியை நான் இனி வலியுறுத்தவில்லை. ஆனால் அதிலிருந்து "ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் 3.14 கட்டாயம்" என்ற முடிவு எப்படி வருகிறது? குறை நம் நூலகத்தில் இருந்தால் அதைத் திருத்துவோம். அதற்குக் கட்டாயம் எதற்கு? வாரம் ஒருமுறை முதன்மைக் கிளையில் ஓட்டினால் அதே செய்தி கிடைக்கும், வழிப்போக்கராக வரும் பங்களிப்பாளர் தண்டனை பெற மாட்டார்.

பிப் பழைய வெளியீட்டை நிறுவும் என்று மருதன் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய வெளியீட்டில் நாளை ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தால் அதைத் திருத்தி வெளியிடப்போவது யார்? பிப் அதைச் செய்யாது.

தச்சன்:
வாரச் சோதனையை இத்தனை மாதங்களாக நாம் வேறு பெயரில் நடத்திக்கொண்டுதானே இருந்தோம்? தடுக்காத சிவப்பை எவரும் பார்ப்பதில்லை என்பதற்கு இந்தப் பட்டியலே சான்று. புதியவர் துன்புறக் கூடாது என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதன்மைக் கிளை 3.14-இல் பச்சையாக இருந்தால்தான், தன் மாற்றத்தால் எது விழுந்தது என்பதே அவருக்குத் தெளிவாகத் தெரியும். எப்போதும் சிவப்பாக இருக்கும் ஒன்று அவருக்குச் சொல்வது ஏதுமில்லை.

பைதானின் ஆண்டுச் சுழற்சி நமக்குத் தெரிந்ததுதான்: மே மாதத்தில் பீட்டா, அக்டோபரில் வெளியீடு. பீட்டா தொடங்கியதும் புதிய வசதிகள் சேர்வது நின்றுவிடும்; வெளியீட்டுக்குச் சற்று முந்தைய ரிலீஸ் கேண்டிடேட் கட்டத்தில் சி நூலகங்களுக்கான இடைமுகமும் நிலைத்துவிடுவதால், நாம் சார்ந்திருக்கும் தொகுப்புகள் அப்போதே வீல் கோப்புகளை (நேரடியாக நிறுவத்தக்க தொகுப்புகள்) வெளியிட முடியும். எனவே பீட்டாவில் வாரச் சோதனை, நம் சார்புகளுக்கெல்லாம் வீல் கிடைத்தபின் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம். நாள்காட்டியைப் பார்த்து மட்டும் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. 3.14-க்கு நம் சார்புகள் அனைத்துக்கும் வீல் வந்துவிட்டது.

கரிசல்:
வீல் கிடைத்தபின் என்ற நிபந்தனையை எழுத்தில் சேர்த்தால் 3.14-க்கு என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். 3.9 நீக்கத்துக்கு என் வாக்கு இன்னும் "இல்லை"தான். குறைந்தது ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தனிக்கிளையில் பராமரிக்க ஒருவர் பொறுப்பேற்ற பிறகு அதைப் பேசலாம்.

பொன்னி:
திருத்தத்தைத் தொடங்கிவிட்டேன். துணைச் செயலியில் ஓடும் செயல்கூறை மாட்யூலின் மேல்மட்டத்துக்கு நகர்த்தி, அமைப்புகளை உலகளாவிய மாறியில் வைக்காமல் துணைச் செயலிகளை நிர்வகிக்கும் ப்ராசஸ்பூல்எக்ஸிகியூட்டரின் இனிஷியலைசர் (ஒவ்வொரு சேயும் தொடங்கும்போது ஓடும் செயல்கூறு) வழியாக அனுப்பியிருக்கிறேன். 3.14-இல் ஒன்றைத் தவிர எல்லாச் சோதனைகளும் தேறுகின்றன. மேக், விண்டோஸ் தவிர்ப்புக் குறிகளையும் எடுத்துவிட்டேன். திறந்த கோப்பையே நேரடியாகக் கொடுக்கும் ஒரு சோதனை மட்டும் விழுகிறது. திறந்த கோப்பைப் பிக்கிள் செய்ய முடியாது என்பதால் இடைமுகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அதைத் தனிச் சிக்கலாகப் பதிகிறேன்.

ஆவணத்தின் முதல் பக்கத்தையும் திருத்த வேண்டும். அங்குள்ள எடுத்துக்காட்டில், நிரல் முதன்மையாக ஓடுகிறதா என்று பார்க்கும் இஃப் வரி இல்லாமலே இணைச் செயலாக்கம் தொடங்குகிறது. அதை நகலெடுத்து 3.14-இல் ஓட்டும் லினக்ஸ் பயனருக்கு முதல் அனுபவமே ரன்டைம்எர்ரர் என்ற பிழைதான். கரிசல், நேரம் இருந்தால் அந்தப் பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா?

கரிசல்:
எடுத்துக்கொள்கிறேன். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளையும் 3.14 சோதனையில் ஓடும்படி சேர்த்துவிடுகிறேன். 3.9-க்கான விவாதத்தை மருதன் தனியாகத் தொடங்கட்டும்.