மறு: ‘ஸ்டாண்டிங்’ - அனுபவமா, மூப்பா?

> “அஞ்சாண்டு அனுபவமுள்ள பாரிஸ்டர்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் புரியும்”

புரியும் ஐயா, ஆனா தப்பா புரியும். சட்டத்துல இங்கிலீஷ்ல வர ‘ஸ்டாண்டிங்’ங்கற சொல்லுக்குத் தமிழ் என்னன்னுதானே நம்ம பேச்சு. இந்தியாவுல ஹைகோர்ட் அமைக்க வந்த 1861 ஹைகோர்ட் சட்டத்தோட ரெண்டாவது பிரிவை இன்னொரு வாட்டி மெதுவா பாருங்க. ஜட்ஜ் ஆக நாலு வழி. பாரிஸ்டர்னா (இங்கிலாந்து முறைப்படி தகுதி வாங்கின வழக்கறிஞர்) அஞ்சு வருஷ ஸ்டாண்டிங். கவனன்டட் சிவில் சர்வீஸ்காரர்னா (உடன்படிக்கையில கையெழுத்து போட்டுச் சேந்த மேல்மட்ட நிரந்தர அதிகாரி) பத்து வருஷ ஸ்டாண்டிங், அதுல மூணு வருஷமாவது ஜில்லா ஜட்ஜ் வேலை பாத்திருக்கணும். பிரின்சிபல் சதர் அமீன் (அந்தக் காலக் கீழ்க்கோர்ட் நீதிபதி), ஸ்மால் காஸ் கோர்ட் (சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்) ஜட்ஜ் மாதிரி பதவியில அஞ்சு வருஷம் இருந்தவங்க மூணாவது. கடைசியா நம்மூர் ப்ளீடர் (இங்கயே தகுதி வாங்கி வாதாடின வழக்கறிஞர்), பத்து வருஷம். ஆனா அவருக்கு மட்டும் ஸ்டாண்டிங்னு எழுதல, பத்து வருஷம் ப்ளீடரா ‘இருந்திருக்கணும்’னு எழுதியிருக்கான்.

பாரிஸ்டரோட அஞ்சு வருஷம் அவரைப் பாரிஸ்டரா ஏத்துக்கிட்ட நாள்லேர்ந்து ஓடுது, கேஸ் நடத்தினாரா, சேம்பர்ல ஈ ஓட்டினாரான்னு அந்த வார்த்தை கேக்கறதில்ல. (அப்பல்லாம் லண்டன்ல டின்னர் சாப்பிட்டுத்தான் டெர்ம், அதாவது படிப்புத் தவணை, கணக்கு காட்டணும், 1872 வரைக்கும் கட்டாயப் பரீட்சைகூட கிடையாது!) இதைப்போய் அனுபவம்னு மொழிபெயர்த்தா, அந்த ஆளுக்கு இல்லாத ஒண்ணை நாமளே தானம் பண்ற மாதிரி ஆயிடும், சட்டத்துல இருந்த ஓரவஞ்சனையும் மறைஞ்சுபோகும். ‘நிலைப்பாடு’ன்னு அகராதி பாத்து ஒருத்தர் போட்டிருந்தார், அது வேற அர்த்தம், விட்ருங்க.

என் பரிந்துரை: பதிவுமூப்பு. புதுசா உருவாக்கவே வேணாம், வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு வச்சிட்டு வருஷக்கணக்கா சும்மா உக்காந்திருந்தாலும் ஏறிக்கிட்டே போகுமே, அதே மூப்புதான்.

---

> “பதிவுமூப்பு”

அண்ணா, வார்த்தை பிரமாதம், பாரிஸ்டருக்குக் கச்சிதமா உக்காருது. ஆனா சிவிலியன், அதான் அந்த சிவில் சர்வீஸ்காரர், எங்க போய் பதிஞ்சார்? சட்டத்துல ரெண்டு பேருக்கும் ஒரே சொல்தானே, நாம ரெண்டா உடைச்சா மூலத்துக்குத் துரோகம் இல்லையா? வெறும் மூப்புன்னு போடலாம்னா ‘பிணி மூப்பு சாக்காடு’ ஞாபகம் வருது 🙂

---

தம்பி சொல்றது நியாயம், நான் பாரிஸ்டரை மட்டுமே நினைச்சுக்கிட்டு எழுதிட்டேன். சிவிலியனுக்குப் பணிமூப்புதான் சரி, சர்வீஸ்ல சேந்த நாள்லேர்ந்து எண்றது. அதனால சட்ட வாசகத்துல ‘அஞ்சாண்டு மூப்புடைய’, ‘பத்தாண்டு மூப்புடைய’ன்னு பொதுவா வைப்போம், முன்னாடி ஆண்டு எண்ணிக்கை நிக்கறதால கிழவர் ஞாபகம் வராது. விளக்கம் எழுதறப்ப மட்டும் பதிவுமூப்பு, பணிமூப்புன்னு பிரிச்சுக்கலாம். ப்ளீடர் வரியில மூப்பு வரவே கூடாது, ‘பத்தாண்டு ப்ளீடராக இருந்தவர்’, அவ்ளோதான்.

நான் இவ்ளோ பிடிவாதம் பிடிக்கக் காரணம், அதே பிரிவுல இன்னொரு கொக்கியும் இருக்கு. சீஃப் ஜஸ்டிஸையும் சேத்து நீதிபதிகள்ல மூணுல ஒரு பங்காவது பாரிஸ்டரா இருக்கணும், இன்னொரு மூணுல ஒரு பங்காவது சிவிலியனா இருக்கணும். மெட்ராஸ் ஹைகோர்ட்டோட முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் பாரிஸ்டர் இல்ல, ஸ்மால் காஸ் கோர்ட்லேர்ந்து வந்தவர். 1893ல தலைமை நீதிபதி நாற்காலியில தற்காலிகமாத்தான் உக்கார முடிஞ்சது. 1935 இந்திய அரசுச் சட்டத்துலதான் அந்தப் பங்குக் கணக்கு ஒழிஞ்சது, பாரிஸ்டருக்கும் பத்து, ப்ளீடருக்கும் பத்துன்னு சமமாச்சு. மெட்ராஸுக்கு நிரந்தரமா ஒரு இந்தியர், ராஜமன்னார், தலைமை நீதிபதியா வந்தது 1948ல. இந்த வரலாற்றை எழுதறப்ப எல்லாரையும் ‘அனுபவமுள்ள வழக்கறிஞர்’னு ஒரே சாக்குல போட்டுக் கட்டினா படிக்கறவனுக்கு என்ன தெரியும்?

பாரிஸ்டர், ப்ளீடர், வக்கீல் மூணையும் அப்படியே தமிழ் எழுத்துல விடலாம்னு நினைக்கறேன், பழைய தமிழ்ப் பத்திரிகைக்காரங்களும் அப்படித்தான் எழுதினாங்க. ‘கவனன்டட்’டுக்கு ‘ஒப்பந்த’ன்னு யாரும் போட்டுடாதீங்க, இப்ப ஒப்பந்தப் பணியாளர்னா நேர் எதிர் அர்த்தம். அதுக்குத் தனி இழை தொடங்குங்க.